மொனார்க் பட்டாம்பூச்சிக்கு எந்த மில்க்வீட் செடி? அவசரம்

புதுத்தோட்டம்: மில்க்வீட் வாங்கி வச்சேன். மொனார்க் முட்டை போட்டுச்சு, புழு நல்லா தின்னு கூடும் கட்டிச்சு. ஆனா வெளிய வர்றதெல்லாம் றெக்கை சுருண்டு கீழ விழுது. வேற வகை வைக்கணுமா? பிள்ளைங்க அழுதுட்டே இருக்காங்க, சீக்கிரம் சொல்லுங்க.

டாலஸ் மல்லி: எந்த ஊருங்க? பூ என்ன கலர்? அமெரிக்காவோட சொந்த மில்க்வீட் மட்டுமே 70 வகைக்கு மேல இருக்கு.

எடிசன் கீரை: நர்சரியில மருந்து அடிச்சிருப்பாங்க. கண்டிப்பா அதான்.

வேர்வித்தகர்: மருந்துன்னா புழுவே செத்திருக்கும் சார், கூடு வரைக்கும் போகாது. இது ஓ.ஈ.ன்னு ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி. தாய்ப்பூச்சி முட்டையிடும்போது அந்த ஒட்டுண்ணியோட வித்து (ஸ்போர்) இலையில உதிரும், புழு அதைத் தின்னும். எத்தனை தடவைதான் எழுதுறது? தேடிப் படிச்சுட்டுக் கேளுங்களேன்.

புதுத்தோட்டம்: ஹூஸ்டன் பக்கம். சிவப்பும் மஞ்சளுமா பூ.

டாலஸ் மல்லி: அப்ப அது குராசாவிகா, வெப்பமண்டல மில்க்வீட் வகை. உங்க ஊர் குளிர்ல அது பட்டுப்போகாது, அதனால வித்து இலையிலயே சேர்ந்துட்டு இருக்கும். பிடுங்கிடுங்க. மனசு வரலைன்னா அக்டோபர்ல ஒட்ட வெட்டி, பிப்ரவரி வரை தளிர் விட்டா கிள்ளிக்கிட்டே இருங்க.

எடிசன் கீரை: எங்க நியூஜெர்சியில பனி விழுந்தா அதுவே செத்துடும். செடியை ஏன் திட்டுறீங்க? ஊர்ல எருக்குலகூட இந்தப் பூச்சி மொய்க்கும். எருக்கு விதை கொண்டு வந்துடலாமே?

வேர்வித்தகர்: ஊர்ல நீங்க பாத்தது வெந்தய வரியன். மொனார்க்கே வேற.

எடிசன் கீரை: ஹவாயில மொனார்க் எருக்குலதானே வளருது?

வேர்வித்தகர்: ஹூஸ்டன் ஹவாயா?

டாலஸ் மல்லி: அண்ணா, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். @புதுத்தோட்டம், களிமண்ணா? சொந்த மில்க்வீட் வகையில, தண்ணி நிக்குற இடம்னா பெரென்னிஸ், வெள்ளைப் பூ, கொஞ்சம் நிழலும் தாங்கும். இன்கார்னாட்டாவும் ஈரத்துக்கு ஓகே. வெயிலும் வடிகாலும் இருந்தா விரிடிஸ், டியூபரோசா. விரிடிஸ் விதையை ஈர டிஷ்யூவில சுத்தி ஒரு மாசம் ஃப்ரிட்ஜில வச்சுட்டு விதைங்க.

புதுத்தோட்டம்: பிடுங்கியாச்சு. தண்ணி நிக்கும். பெரென்னிஸ் கடையில இல்லையே?

டாலஸ் மல்லி: பெரிய கடையில தேடாதீங்க. நேட்டிவ் பிளான்ட் சொசைட்டின்னு உள்ளூர்ச் செடி ஆர்வலர் சங்கம் இருக்கு, அவங்க செடி விற்பனை போடுவாங்க, அங்க கேளுங்க.

எடிசன் கீரை: ஹவாய்க்கு இன்னும் பதில் வரல.