ஒன்றரைக் கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் ஒரே வயலின் தாங்குமா?

முலுண்ட் வில்:

அனைவருக்கும் வணக்கம். மும்பை முலுண்டில் வீட்டிலேயே வயலின் வகுப்பு நடத்துகிறேன். சனி, ஞாயிறு மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று பக்கவாத்தியம். கையில் இருப்பது ஒரே ஒரு 4/4 (முழு அளவு) வயலின். ஒரு நாள் ஆண் குரல், ஒன்றரைக் கட்டை (கட்டை என்பது பாடுபவரின் ஷட்ஜ உயரத்தைச் சொல்லும் சுருதிக் கணக்கு). மறுநாளே பெண் குரல், ஐந்தரை. ஏற்றினால் மேல் தந்தி அறுகிறது. இறக்கினால் கீழ் ஷட்ஜம் தொளதொளத்து, வில் பட்டதும் கரகரக்கிறது. போதாததற்கு ஜூன் பிறந்தால் பிருடை (தந்தியை முறுக்கும் மர முளை) இறுகிக்கொள்கிறது. அதே பிருடை ஏசி அரங்கில் வழுக்குகிறது.

இரண்டாவது வயலின் வாங்கித்தான் ஆகணுமா, தந்தியை மாற்றிச் சமாளிக்கலாமா? இன்னொன்று: வகுப்பில் 1/2, 3/4, 4/4 மூன்று அளவும் சேர்ந்து உட்காருகிறார்கள். எந்தச் சுருதியில் சொல்லிக்கொடுப்பது?

சுருதிப்பெட்டி:

தாங்காது சார். ஒன்றரைக் கட்டையில் வயலினின் மத்திய ஷட்ஜம் சுமார் 277 ஹெர்ட்ஸ், ஐந்தரையில் 415. ஒன்றரை மடங்கு. ஒரே தந்தியை அவ்வளவு ஏற்றினால் இழுப்பு அதன் வர்க்கமாக, இரண்டே கால் மடங்காக ஏறும். வாராவாரம் இப்படி ஏற்றி இறக்கினால் தந்தியோடு நிற்காது. ஏற்றும் ஒவ்வொரு தடவையும் தந்தி பிரிட்ஜின் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரப் பாலம்) தலையைப் பிருடைப் பக்கம் இழுக்கும். கவனிக்காமல் விட்டால் பிரிட்ஜ் வளையும், ஒரு நாள் படாரென்று சாயும். உள்ளே இருக்கும் சிறு மரத் தூணான சவுண்ட் போஸ்ட் ஒட்டியதல்ல, அழுத்தத்தில்தான் நிற்கிறது. நாலு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் அதுவும் விழும். அதனால் மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அதை மாட்டிச் சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்தது.

இரண்டு வயலின்தான் வழி. பெண் குரலுக்கானது சுலபம். கடையில் கிடைக்கும் சாதாரண செட் ஜி, டி, ஏ, இ (கீழிருந்து மேலாக நாலு தந்தியின் மேற்கத்திய சுரப் பெயர்கள்) சுருதிக்குச் செய்தது. ஐந்தரைக்கு ஸ-ப-ஸ-ப (ஷட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி) வைத்தால் கீழ் இரண்டு தந்தி அரை சுரம் ஏறும், மேல் இரண்டு அரை சுரம் இறங்கும். அவ்வளவுதான். எதையும் மாற்ற வேண்டாம்.

ஆண் குரல் வயலினில்தான் வேலை. அதே செட்டை ஒன்றரைக்கு இறக்கினால் மேல் இரண்டு தந்தியில் இழுப்பு ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு வந்துவிடும், கீழ் இரண்டில் பாதி. நீங்கள் சொல்லும் கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது. தந்தியை ஒரு இடம் தள்ளி மாட்டுங்கள்: இ தந்தியின் இடத்தில் ஏ, ஏ இருந்த இடத்தில் டி, டி இருந்த இடத்தில் ஜி. கீழே வயோலாவின் (வயலினைவிடச் சற்றுப் பெரிய, கீழ்ச் சுருதி வாத்தியம்) சி தந்தி. இப்போது எல்லாமே தத்தம் சுருதிக்கு அரை சுரத்துக்குள் நிற்கும்.

வயோலா தந்தி நீளம் அதிகம். அதன் பருத்த பகுதி பிருடையில் சுற்றிக்கொண்டால் மேல் சுற்றுக்கம்பி விரிந்துவிடும். ஆகவே குட்டை அளவு வயோலாவுக்கான தந்தியைக் கேட்டு வாங்குங்கள். நட்டிலும் (பிருடைப் பக்கம் தந்தி படியும் சிறு மரத்துண்டு) பிரிட்ஜிலும் பள்ளத்தை அந்தத் தடிமனுக்கு அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் நழுவும்.

உடனே வாங்க முடியாது என்றால் ஒரு தற்காலிக வழி. ஒன்றரைக் கட்டையில் வைத்த வயலினில் இரண்டு ஷட்ஜத் தந்தியை மட்டும் ஒரு முழு சுரம் ஏற்றுங்கள். பழைய பஞ்சமம் இப்போது ஐந்தரைக் கட்டை ஷட்ஜம். கீழிருந்து ப-ஸ-ப-ஸ ஆகிவிடும். இரண்டு தந்தியில் மட்டும் இழுப்பு கால் பங்கு கூடும், வயலின் தாங்கும். ஆனால் விரல் கணக்கு முழுவதும் மாறும். பாடகியின் மத்திய ஸ்தாயி கீழ்த் தந்திகளில் விழுவதால் நாதம் மங்கும், தாரத்துக்கு மேல் எல்லாம் ஒரே தந்தியில் ஏறித்தான் வாசிக்கணும். அந்த விரலடவில் நல்ல பழக்கம் இல்லாமல் மேடையில் முயல வேண்டாம்.

நாதஸ்தானம்:

மேலே சொன்னதில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கணும். வயோலா சி மாட்டினால் தந்தியின் உயரத்தையும் பாருங்கள். தடித்த தந்தி அகலமாக அதிரும். விரல் பலகை முடியும் இடத்தில் ஜி தந்திக்கு வழக்கமாக 5.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். நம்மில் பலர் ஜாரு (விரலைச் சறுக்கி வாசிப்பது), கமகம் சுலபமாக வருவதற்காக அதைவிடத் தாழ்த்தி வைத்திருப்போம். தாழ்ந்த பிரிட்ஜில் வயோலா தந்தி பலகையில் இடித்துப் படபடக்கும். பிரிட்ஜைச் சீவுவதற்கு முன்னால் தந்தியை மாட்டிப் பார்த்துவிடுங்கள். சீவிய மரம் திரும்ப வராது.

மேடைக்கு இரண்டு குறிப்பு. பாடுபவர் சொல்லும் கட்டையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், அரைக் கட்டை கூடவோ குறையவோ ஆகலாம் என்று தயாராக இருங்கள். மிருதங்கக்காரருக்கும் அதே கட்டை போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். அவரும் சுருதிக்குத் தக்க வாத்தியத்தைத்தான் தூக்கி வருவார். மைக்கை எஃப் துளைக்கு (மேல் பலகையில் f வடிவில் உள்ள துளை) நேராக வைக்காமல் பிரிட்ஜைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எஃப் துளைக்கு நேரே வைத்தால் கீழ்ச் சுரங்கள் மட்டும் குடம் போல உருளும், ஸ்பீக்கரும் ஊளையிடும்.

மாட்டுங்கா மாமி:

மழைக்காலத்தைப் பற்றி எழுதுகிறேன். பம்பாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். பிருடை உப்பினால் இறுகும். ஏசி அரங்கில் காய்ந்து சுருங்கினால் வழுக்கும். இரண்டும் ஒரே நோய்தான்.

இறுகிய பிருடையை இடுக்கி வைத்துத் திருகவே கூடாது. பிருடை உடைந்தால் வேறு போட்டுக்கொள்ளலாம்; பிருடைப் பெட்டியில் துளையோரம் விரிசல் விட்டால் வயலினுக்கே ஆபத்து. ஏசி அறையில் வயலின் பெட்டியைத் திறந்து சில மணி நேரம் வைத்தால் தானாகத் தளரும். தளர்ந்ததும் அந்த ஒரு பிருடையை மட்டும் வெளியே எடுத்து, பளபளப்பாகத் தேய்ந்திருக்கும் இரண்டு வளையத்திலும் பெக் காம்பவுண்ட் (பிருடைக்கென்றே விற்கும் பூச்சு) கொஞ்சம் தடவுங்கள். கிடைக்காவிட்டால் இறுகுவதற்குக் காய்ந்த சோப்பு, வழுக்குவதற்குச் சாக்பீஸ். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். தந்தியின் கடைசிச் சுற்றுகள் பிருடைப் பெட்டியின் சுவரை நோக்கிப் போகும்படி சுற்றினால் அதுவே பிருடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். சுவரில் அழுந்துகிற அளவுக்கு நெருக்க வேண்டாம்.

கச்சேரிக்கு அரை மணி முன்னதாகவே அரங்கில் பெட்டியைத் திறந்து வைத்துவிடுங்கள். வியர்க்க விறுவிறுக்க வந்து மேடையில்தான் திறப்பது என்றால், முதல் வர்ணம் முடிவதற்குள் சுருதி ஓடிவிடும். மழை மாதங்களுக்கு எஃகு உட்கம்பி உள்ள தந்தி நல்லது, பிரிலூட் பிராண்ட் மாதிரி. டாமினன்ட் பிராண்ட் நாதத்தில் மென்மை. ஆனால் மாட்டிய பிறகு நாலைந்து நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். கச்சேரிக்கு முதல் நாள் மாட்டாதீர்கள்.

வில்லையும் மறக்காதீர்கள். ஈரத்தில் முடி நீளும், திருகைக் கடைசிவரை முறுக்கினாலும் விறைக்காது. வாசித்ததும் தளர்த்திவையுங்கள். தளர்த்தாமல் விட்டு, காய்ந்த நாளில் முடி சுருங்கினால் வில்லின் வளைவே போய்விடும். விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தொடுகிற பழக்கம் இருந்தால், வில் உரசும் இடத்துக்கு அந்த விரல் போகவே கூடாது. எண்ணெய் பட்ட முடி ரோசினை (வில் முடியில் தேய்க்கும் பிசின்) பிடிக்காது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த இடம் மட்டும் ஊமையாக இருக்கும்.

பெட்டிக்குள் 50 கிராம் சிலிக்கா ஜெல் பை இரண்டு, மரத்தில் படாமல். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஓவன் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். வாரம் ஒரு தடவை வயலினின் ஓரத்தைச் சுற்றி விரல் மொட்டியால் தட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் சத்தம் உடைந்து சலசலவென்று வந்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம், மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விடட்டும் என்றுதான் இளகும் பசையால் ஒட்டுகிறார்கள். ஃபெவிக்கால் போட்டு மூடிவிட்டால் அடுத்த தடவை பலகையே பிளக்கும். வயலின் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

முலுண்ட் வில்:

சார், மாமி, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆண் குரலுக்குத் தனி வயலின் என்று முடிவு செய்துவிட்டேன். வகுப்புச் சுருதி பற்றி யாராவது?

பாலபாடம்:

குழந்தைகளுக்கு ஐந்து கட்டை வையுங்கள். 1/2 வயலினில் அதிரும் தந்தி நீளம் சுமார் 28 செ.மீ., 4/4இல் 32.5. குட்டைத் தந்தியை ஒன்றரை, இரண்டு கட்டைக்கு இறக்கினால் நூல் மாதிரி தொங்கும். குழந்தை எவ்வளவு சரியாக வில் போட்டாலும் நாதம் வராது, அழுத்திப் போடுகிற கெட்ட பழக்கம்தான் வரும். ஐந்தில் எல்லா அளவுத் தந்தியும் விறைப்பாக நிற்கும், குழந்தைகள் சரளி வரிசையைப் பாடிக்கொண்டே வாசிக்கலாம். உங்கள் ஐந்தரைக் கட்டை வயலினை அரைக் கட்டை இறக்கினாலே போதும். பெரியவர்களைத் தனி வகுப்பில் இரண்டு கட்டையில் உட்கார வையுங்கள். ஆண்களுக்கு ஐந்தில் பாட வராது, பாடாமல் வாசித்தால் சுரஸ்தானம் காதில் ஏறாது.

அளவு பார்க்கும்போது கை நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம். கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை சுமார் 58 செ.மீ. இருந்தால் 4/4, 55 என்றால் 3/4, 51 என்றால் 1/2 என்பது நின்று வாசிப்பவர்களுக்கான கணக்கு. நம் முறையில் உட்கார வைத்து, வயலினின் சுருள் தலை வலது பாதத்தில் படிந்த நிலையில், இடது முழங்கை தாராளமாக மடங்குகிறதா என்று பாருங்கள். முழங்கை விறைத்தால் ஒரு அளவு சிறியது வேண்டும். "வளர்ந்துவிடுவாள், பெரிசாகவே வாங்கிடலாம்" என்று அப்பா அம்மா சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். சுண்டு விரல் எட்டாமல் வளைந்த மணிக்கட்டை நிமிர்த்த ஒரு வருஷம் ஆகும்.

கட்டணத்தை மாதத்துக்கு நாலு வகுப்பு என்று எழுதிக்கொடுங்கள். நவராத்திரி, ராம நவமி, ஜனவரியில் தியாகராஜ ஆராதனை, இந்த நாட்களில் உங்களுக்குக் கச்சேரி வரும். ஈடு வகுப்பு எப்போது என்பதை அட்மிஷன் அன்றே சொல்லிவிட்டால் அப்புறம் மனஸ்தாபம் இல்லை. தந்தி, ரோசின் செலவைக் கட்டணத்தோடு சேர்க்காமல் தனியாக வாங்குங்கள்.

சுருதிப்பெட்டி:

ஒன்று விட்டுப்போச்சு. இ தந்தி இருந்த இடத்தில் ஏ மாட்டும்போது ஃபைன் டியூனரை (தந்தியின் வால் முனையில் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் திருகு) பாருங்கள். ஒற்றைக் கொக்கி இருந்தால் அது முனையில் வளையம் உள்ள தந்திக்கு மட்டும். ஏ தந்தி பெரும்பாலும் முனையில் குண்டோடு வரும், அதற்கு இரட்டைப் பல் டியூனர் வேண்டும். தந்தி வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள்.