டொயோட்டா 86: விங்கை முதலில் போடலாமா?

செபாங்86:
என் கார் 2013 மாடல், எஞ்சினில் கை வைக்கவில்லை. டயர், பிரேக் பேட் மட்டும் மாற்றியது. டிராக் நாளுக்காக (பந்தயப் பாதையில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) பின் விங் (காரின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தும் இறக்கை), முன் ஸ்பிளிட்டர் (முன் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டு, முன்பக்கத்தை அழுத்தும் பலகை), பானட் வென்ட் (சூட்டுக் காற்று வெளியேறும் திறப்பு), கூரையில் ஒட்டும் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் (காற்றைப் பின்கண்ணாடியில் ஒட்டிப் போக வைக்கும் சின்னத் துடுப்புகள்) பார்த்து வைத்திருக்கிறேன். காசு இரண்டுக்குத்தான் வரும். விங் மட்டும் இப்போது, மீதி அப்புறம் என்றால் சரியா?

காற்றுக்கணக்கு:
தனியாகப் போடாதீங்க ப்ரோ. 1.5 மீ நீளம், 25 செ.மீ அகலமுள்ள விங், லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் (விங் எவ்வளவு விசை தரும் என்பதற்கான எண்) 1 என்று வைப்போம். 100 கி.மீ வேகத்தில் சுமார் 18 கிலோ அழுத்தும், 150இல் 40. ஆனால் விங் உட்காருவது பின் அச்சுக்கு ஏறக்குறைய 80 செ.மீ பின்னால்; உங்கள் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 2.57 மீ. அதனால் அந்த 40 கிலோ பின் சக்கரங்களில் 52 ஆக இறங்கும், முன்னால் 12 கிலோவைத் தூக்கிவிடும். மலேசியாவின் செபாங் டிராக்கில் 5, 6ஆம் வளைவு மாதிரி வேகமான இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளியே ஓடும். மெதுவாகத் திரும்பும் ஹேர்பின் வளைவில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

செபாங்86:
அப்போ ஸ்பிளிட்டர் முதலில்?

காற்றுக்கணக்கு:
அது இதைவிட மோசம். நேர்பாதை முடிவில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் லேசாகிச் சுற்றிவிடும். 1998இல் வந்த ஆடி டிடியை நினைத்துப் பாருங்க: ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் விபத்துகள் நடந்த பிறகு திரும்ப அழைத்து, பின்னால் சின்ன ஸ்பாய்லர், இஎஸ்பி (வண்டி சுற்றாமல் காக்கும் மின்னணு அமைப்பு), சஸ்பென்ஷன் மாற்றம் எல்லாம் செய்தார்கள். விங், ஸ்பிளிட்டர் இரண்டையும் ஒரே நாளில் மாட்டுங்க.

தகரவேலை:
மாட்டுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்பிளிட்டரை பம்பர் கிளிப்பில் தொங்கவிடக் கூடாது, சேஸியில் பிராக்கெட் வைத்துப் பிடியுங்கள். 12 மி.மீ ப்ளைவுட் தாராளம், முன்விளிம்புக்கு இரண்டு தாங்கு கம்பி. விளிம்பில் ஆள் ஏறி நின்றால் வளையக் கூடாது. வளைந்தால் வேகத்தில் தரையில் உரசிப் பிய்யும், முன்பிடி மொத்தமாகப் போகும். பம்பருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள்.

விங் உட்காரும் டிக்கி மூடி மெல்லிய தகடு. உள்ளே 3 மி.மீ அலுமினியத் தகடு கொடுத்து போல்ட் போடுங்கள், ஓட்டையில் சீலன்ட் தடவாவிட்டால் துரு நிச்சயம். விங்கின் கோணம் 3 டிகிரியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். அளவு மீறினால் விங்கின் அடியில் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும், மிஞ்சுவது இழுவைதான்.

நூல்சோதனை:
வென்ட் வாங்கும் முன் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளை ஃபோம் வைத்து அடையுங்கள். காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் தப்பிக்கிறது, செலவில்லாத வேலை இது. பிறகும் சூடு குறையவில்லை என்றால் வென்ட்டை ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். முன்கண்ணாடியின் அடி ஓரத்தில் அழுத்தம் அதிகம், அங்கே வெட்டினால் காற்று உள்ளேதான் போகும்.

வோர்டெக்ஸ் ஜெனரேட்டருக்குக் காசு கொடுக்கும் முன், 7 செ.மீ கம்பளி நூல்களைப் பின்கண்ணாடியில் 10 செ.மீ இடைவெளியில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, 80 கி.மீ வேகத்தில் ஓடும்போது பக்கத்து வண்டியிலிருந்து படம் பிடியுங்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஏற்கெனவே ஒட்டித்தான் போகிறது, அந்தப் பொருளுக்கு அங்கே வேலையே இல்லை.