கல்லறைத் திருநாளுக்கு எப்படிப் போய் நின்றீர்கள்?

தூத்துக்குடி மகள்:
அம்மா போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள், நவம்பர் 2, இது. அண்ணன் முன்கூட்டியே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்துவிட்டான். எனக்குத்தான் கால் எழவில்லை. அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் "மோட்சத்துல இருப்பாங்க, அழாதே" என்றார்கள். மோட்சத்தில் இருப்பார் என்று நானும்தான் நம்புகிறேன். அதற்காக ஏன் அழக் கூடாது என்பதுதான் புரியவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள்? உபதேசம் வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

தூத்தூர் கரை:
எங்கள் வீட்டில் போய் நிற்பதற்குக் கல்லறையே கிடையாது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் அத்தான் போன விசைப்படகு திரும்பவில்லை. ஆழ்கடலுக்குப் போனவர்கள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள். காணாமல் போனவரை இறந்தவர் என்று எழுத வழக்கமாக ஏழு வருஷம் ஆகும். அரசு அதைத் தளர்த்தி 20 லட்சம் நிவாரணம் கொடுத்தது. காகிதத்தில் எல்லாம் முடிந்தது, அக்காவுக்கு முடியவில்லை. எங்கேயாவது ஒரு தீவில் கரை ஏறியிருப்பார் என்றே பேசிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் பூசைக் கருத்துக்கு, அதாவது பூசையில் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று, பெயர் கேட்டபோது, அத்தான் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "இறந்தவங்கன்னு எழுதினா நானே அவரைக் கொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள். சாமியார் வற்புறுத்தவில்லை. "கடலில் இருந்து திரும்பாதவர்களுக்காக" என்று தனியாக ஒரு கருத்து போட்டு, அதில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். செத்தார் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. கோயிலில் அத்தனை பேர் முன்னால் அத்தானின் முழுப் பெயர் கேட்டதும் அக்கா ஓவென்று அழுதாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் மந்திரிப்பு நேரத்தில் அவளே மெழுகுதிரி எடுத்துக்கொண்டு வந்தாள். யார் கல்லறையில் வைப்பது? கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றினாள். பக்கத்தில் ஒரு பாட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். 2004 சுனாமியில் மகள் போய்விட்டாளாம், உடல் கிடைக்கவில்லையாம். "எனக்கும் இடம் இங்கதான் மக்களே" என்றார். இப்போது வருஷா வருஷம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள். தங்கச்சி, உங்களுக்கு யோசனை சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டி அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் அக்கா மறு வருஷம் போயிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

நாசரேத் மருமகள்:
நாங்கள் சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட் சபை. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்களிடம் இல்லை. அதற்குக் கத்தோலிக்கர்களான நீங்கள் ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் ஆகமமும் எங்கள் வேதாகமத்தில் கிடையாது. சரி, அந்தச் சண்டை இங்கே வேண்டாம். அவர்களை நமக்குக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம் சொல்வோம், அவ்வளவுதான்.

மாமனார் நினைவு நாளுக்கு வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்போம். பாட்டு, வேதபாகம், ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பேசுவார், அப்புறம் டீ, மிக்சர். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. ஒரு வருஷம் யாருக்கும் தெரியாத ஒருவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, தன்னுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டியது மாமனார்தான் என்றார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. மாமியார் பட்டென்று, "அந்த வருஷம் கிறிஸ்மஸுக்குச் சேலை எடுத்துத் தரலைன்னு ஒரு மாசம் பேசாம இருந்தேனே, இதுக்குத்தான் போச்சா அந்தக் காசு!" என்றார். வீடே சிரித்தது, ஐயரும் சிரித்தார். மாமனார் இறந்த பிறகு அந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்லிச் சிரித்தது அன்றுதான்.

அழாதே என்று சொல்கிறவர்களைப் பற்றி ஒன்று. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான். துக்கமே படாதீர்கள் என்று அவர் எழுதவில்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதான் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நீங்கள் தாராளமாக அழுங்கள் அக்கா.

மன்னார்:
எங்கட பக்கம் கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை என்போம். அப்பாவை 2009-இல், போர் நேரத்தில், வன்னியில் ஓர் இடத்தில் அவசரமாக அடக்கம் செய்துவிட்டு வந்தோம். பிறகு தேடிப் போனபோது காடு மூடிக் கிடந்தது, இடம் பிடிபடவில்லை. அம்மம்மாவின் கல்லறையில் அப்பாவின் பெயரையும் பொறித்தோம். ஃபாதர் அதற்கும் சேர்த்துத்தான் தீர்த்தம் தெளிக்கிறவர்.

கீழ்ப்பாக்கம்:
சென்னையில் இடநெருக்கடி. பழைய குழியையே திறந்து அதே குடும்பத்தில் அடுத்தவரை வைப்பார்கள். தாத்தா இருந்த இடத்தில்தான் பாட்டி. வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கோ ஒரே மெழுகுதிரியில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வர முடிகிறது.

பங்கு அலுவலகத்தில் உதவி செய்கிறவன்:
சகோதரி, 2-ஆம் தேதியேதான் போக வேண்டும் என்று இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் நிம்மதியாக நிற்கக்கூட முடியாது. நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளிலும் கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்து, பாவசங்கீர்த்தனம், நற்கருணை போன்ற வழக்கமான நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் அவர்களுக்காகப் பரிபூரணப் பலன், அதாவது பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை, உண்டு. கொரோனா வந்த 2020-இல் ரோமாபுரி அதை மாதம் முழுவதற்கும் நீட்டித்தது.

பூசைக் கருத்துப் பெயரை இப்போதே கொடுத்துவிடுங்கள். முதல் உலகப் போரில் செத்தவர்கள் பெருகிய காலத்தில், 1915-இல், திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் கல்லறைத் திருநாளன்று ஒரு குருவானவர் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதித்தார். மூன்று வைத்தாலும் எங்களிடம் வரும் பெயர்ப் பட்டியல் முடிவதில்லை. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். செல்லப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, ஏன் வாசிக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள்.

அங்கே காற்று அடிக்கும், மெழுகுதிரி நிற்காது. தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கூடு மாதிரி வையுங்கள். திரும்பும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், மறுநாள் பொறுக்குகிறது நாங்கள்தான்.