மறு: "துல்லியம் 1200 மீ": வேறு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

திறந்தமூல வரைபடச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தை வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். நாம் நிற்கும் இடத்தை நீலப்புள்ளியாகக் காட்டி, சுற்றிலும் வெளிர்நீல வட்டம் போடுமே, அதன் ஆரத்துக்கு முன்பு யாரோ "துல்லியம்" என்று போட்டிருக்கிறார்கள். மொட்டைமாடியில் செயற்கைக்கோள் கிடைத்தபோது "துல்லியம் 5 மீ". வீட்டுக்குள் அருகலையை (வைஃபை) வைத்துக் கணித்து "துல்லியம் 40 மீ". ஊர் எல்லையில் செல்கோபுரம் மட்டும் கிடைக்க, "துல்லியம் 1200 மீ". அம்மாவிடம் காட்டினேன். "ஆயிரத்து இருநூறா, நல்லாக் காட்டுதே" என்றார். எண் ஏற ஏறத் துல்லியம் இறங்குகிறது. சொல்லோ நேர்மாறாகப் பேசுகிறது.

– மதுரை

---

துல்லியத்தை விட்டுவிடலாம். அது வடமொழி "துல்ய". ஒப்பு என்று பொருள். துலாம் அதன் உறவு. தராசுக்கு நம்மிடமே "கோல்" இருக்கிறது. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்னும் 118ஆம் குறளிலேயே "ஒருபால் கோடாமை"யும் வருகிறது. சாயாமல் நிற்பது கோடாமை. அதையே வைக்கலாம்.

– தஞ்சாவூர்

---

ஐயா, "கோடாமை 1200 மீ" என்றாலும் அம்மா அதையேதான் சொல்வார்.

இயற்பியல் வகுப்பில் நான் பிரித்துச் சொல்வது இது: பத்துமுறை கேட்டாலும் ஒரே இடத்தைக் காட்டினால் நுட்பம், அது நாம் நிற்கும் இடமாகவும் இருந்தால் துல்லியம். பத்துமுறையும் கோபுரத்தடியையே காட்டினால் நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை. இங்கே காட்டுவதோ பிழையின் அளவு. "பிழையெல்லை" என்போமே.

– கோவை

---

எங்கட வினாத்தாள்களில் "திருத்தமான கூற்று எது" எண்டுதான் கேட்பினம். ஆனால் "திருத்தம் 1200 மீ" எண்டால் தமிழ்நாட்டில் பிழைதிருத்தம் எண்டு நினைப்பினம். ஏறத்தாழ எண்ட பொருளில் "அண்ணளவு 1200 மீ" நல்லது.

– யாழ்ப்பாணம்

---

"எல்லை" ஆகாது. ஆண்ட்ராய்டு தரும் ஆரத்துக்குள் நாம் இருக்க 68 விழுக்காடு வாய்ப்புதான்; ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வெளியே கிடக்கிறது. எல்லை என்றால் தாண்டாது என்று உறுதி கொடுத்ததாகிவிடும். "ஐயவட்டம்" எப்படி? ஐயம் + வட்டம், மகரம் கெட்டு முடியும்.

– சென்னை

---

புணர்ச்சி சரி. ஆனால் "ஐயமிட்டு உண்" படித்தவனுக்கு ஐயம் என்றால் பிச்சையும்தான். தாலுகாவை வட்டம் என்று எழுதும் மாநிலத்தில் "ஐயவட்டம்" ஏதோ ஊர்ப்பெயராகவே படும். பிழை என்பதற்கும் "வழு" இருக்கிறது...

– தஞ்சாவூர்

---

மன்னிக்கவும் ஐயா, நாளை வெள்ளி. அம்மாவிடம் எல்லாவற்றையும் காட்டிவிட்டேன். ஐயவட்டத்துக்கு நெற்றியைச் சுருக்கினார், அண்ணளவு விளங்கவில்லை. "சுமார் 1200 மீட்டருக்குள்" என்றதும், "அப்போ ஒரு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாமா?" என்று கேட்டார். அதையே அனுப்புகிறேன். நால்வரும் சம்மதம் சொல்லுங்கள்.

– மதுரை

---

"உள்" என்பதும் எல்லைதான். "சுமார்" கொஞ்சம் காப்பாற்றுகிறது, அதனால் ஒத்துக்கொள்கிறேன்.

– சென்னை

---

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "சுமார்" பாரசீகம். அதோடு, சொற்றொடர் கலைச்சொல் ஆகாது. நாளை "துல்லியத்தைக் கூட்டு" என்னும் பொத்தானுக்கு எதை வைப்பீர்கள்?

– தஞ்சாவூர்