மெழுகு கடைசியில்தான்

குழு: துடுப்புக் குடும்பம்

[காலை 6:41] கதிர்: (படம்)

[காலை 6:42] கதிர்: 18 அடி ஃபைபர் படகு. உடம்பு வெள்ளை, வாட்டர்லைனுக்கு (தண்ணி படகுல தொடற மட்டம்) மேல ஒரு சாண் அகலத்துக்குக் கருநீலப் பட்டை. தடவினா சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டுது. நல்ல வாக்ஸா ஒண்ணு வாங்கித் தேய்ச்சுடலாம்ல?

[காலை 6:50] செல்வம் மாமா: வாக்ஸ் டப்பாவை இப்ப தொடாத.

[காலை 6:53] செல்வம் மாமா: கையில ஒட்டுறது அழுக்கு இல்ல. வெயில் பட்டுப் பட்டு ஜெல்கோட்டோட, அதாவது ஃபைபருக்கு மேல நிறத்தோட இருக்கற பிசின் பூச்சோட, மேல்தோல்ல இருக்கற ரெசின் செத்துப்போய்ப் பொடியா நிக்குது. அந்தப் பொடி மேல மெழுகு பூசினா நனைஞ்ச மாதிரி கொஞ்ச நாள் மின்னும், மறுபடி வெளுத்துடும். பொடியை வெட்டி எடுத்தாதான் பளபளப்பு. மெழுகு அந்தப் பளபளப்புக்குக் குடை, அவ்வளவுதான்.

[காலை 6:55] தேவி அக்கா: ஒரு குவளை தண்ணி ஊத்திப் பாரு கதிர். நனைஞ்ச இடத்துல பழைய நிறம் முழுசா தெரிஞ்சா காப்பாத்திடலாம். நனைஞ்சும் திட்டுத் திட்டா, கண்ணாடி நார் நெசவு தெரியற மாதிரி இருந்தா ஜெல்கோட் தேய்ஞ்சு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அங்க பாலிஷ் வேலைக்கு ஆகாது, மேல பூசித்தான் ஆகணும்.

[காலை 7:04] கதிர்: ஊத்தினேன் அக்கா. வெள்ளை நல்லா வருது, நீலமும் வருது.

[காலை 7:06] ரவி சித்தப்பா: அந்த நீலம் ஜெல்கோட்டா, பெயின்ட்டா, ஸ்டிக்கரான்னு முதல்ல பாரு. ஓரத்துல நகத்தை வச்சு இழு. படி மாதிரி தட்டினா பெயின்ட்டோ ஸ்டிக்கரோதான்.

[காலை 7:11] கதிர்: தட்டல சித்தப்பா. வழுவழுன்னு ஓடுது.

[காலை 7:12] ரவி சித்தப்பா: அப்ப பெரும்பாலும் ஜெல்கோட்தான். தப்பிச்ச. ரெண்டு பாகம் கலந்து அடிக்கற பாலியூரித்தேன் பெயின்ட்டா இருந்தா கரடு காம்பவுண்ட் (மேல்தோலை உரசி எடுக்கற பசை) பக்கமே கொண்டு போகக்கூடாது. அதோட மினுக்கு மேல இருக்கற ஒரு மெல்லிய படலத்துலதான் இருக்கு. அதை உரசிட்டா திரும்ப வராது.

[காலை 7:20] செல்வம் மாமா: சரி, கழுவுறதுல ஆரம்பி. நல்ல தண்ணி, மென்மையான சோப்பு, மேலிருந்து கீழ. உப்புத் துகள் ஒண்ணு பாலிஷ் மெஷின் பேட்ல மாட்டினாலும் கோடு இழுத்துட்டே போகும்.

[காலை 7:24] தேவி அக்கா: வாட்டர்லைன்ல இருக்கற பழுப்பு மஞ்சள் கறை, அணியத்துல (படகோட முன்பக்கம்) மீசை மாதிரி இருக்கே அது, சோப்புக்குப் போகாது. ஆக்சாலிக் ஆசிட் உள்ள கறைநீக்கி வேணும். துருக்கறைக்கும் அதேதான். தடவி, டப்பாவுல போட்டிருக்கற நேரம் விட்டு, காய விடாம நிறையத் தண்ணி விட்டு அலசு. கையுறை, கண்ணாடி கட்டாயம். துத்தநாகம் பூசின டிரெய்லர் மேல வழிய விடாத, பூச்சை அரிச்சிடும். ப்ளீச் வேண்டவே வேண்டாம்.

[காலை 7:26] கதிர்: கறையை காம்பவுண்ட்லயே தேய்ச்சு எடுத்துட்டா என்ன?

[காலை 7:29] தேவி அக்கா: கறைக்காக ஜெல்கோட்டை ஏன் செலவு பண்ற? புதுசுலயே அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஒவ்வொரு தடவை உரசும்போதும் அதுல கொஞ்சம் போகுது. ரசாயனத்துல போறதை ரசாயனத்துல எடு.

[காலை 7:31] செல்வம் மாமா: 👆 இதைக் குறிச்சு வச்சுக்க.

[காலை 7:38] ரவி சித்தப்பா: அடுத்தது பழைய மெழுகு. ரெண்டு துணி வச்சுக்க. ஒண்ணுல டீவாக்சர் (மெழுகுநீக்கி) இல்லன்னா அசிட்டோன் நனைச்சுத் துடை, காயறதுக்குள்ள இன்னொரு காய்ஞ்ச துணியில அள்ளு. ஒரே துணியில தேய்ச்சா மெழுகு இடம் மாறும், போகாது. அக்ரிலிக் ஜன்னல்லயோ பாலிகார்பனேட்லயோ அசிட்டோன் பட்டா சிலந்தி வலை மாதிரி வெடிச்சுடும். பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்துல கூடாது.

[காலை 7:40] ரவி சித்தப்பா: ஆணி ஓட்டை, கீறல், வெடிப்பு இருந்தா அதையும் இப்பவே அடைச்சிடு. மெழுகு போட்ட பிறகு ஜெல்கோட் ஒட்டாது. சிலிக்கோன் கலந்த மெழுகா இருந்தா பின்னாடி பெயின்ட் அடிக்கும்போது மீன்கண் மாதிரி குழி குழியா விழும்.

[காலை 8:15] கதிர்: மெஷின் விஷயம். வீட்ல கிரைண்டர் இருக்கு, அதுல பேட் மாட்டிக்கலாமா?

[காலை 8:15] செல்வம் மாமா: 🙅

[காலை 8:16] தேவி அக்கா: ஐயோ

[காலை 8:21] செல்வம் மாமா: கிரைண்டர் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல ஓடும். உனக்கு வேண்டியது அதுல ஆறுல ஒரு பங்குகூட இல்ல. வேகம் கூட்டிக் குறைக்கற ரோட்டரி பாலிஷர் எடு. காம்பவுண்டைப் பரப்பும்போது 800, 900. வெட்டும்போது 1400லிருந்து 1600. அதுக்கு மேல போனா வேலை சீக்கிரம் முடியாது, ஜெல்கோட்தான் கருகும்.

[காலை 8:25] ரவி சித்தப்பா: புதுக் கைக்கு ரோட்டரி வேணாம் மச்சான். டூயல் ஆக்‌ஷன் கொடுங்க. சுத்திக்கிட்டே ஆடும், ஒரே இடத்துல சூடு சேராது, வட்டத் தழும்பும் விழாது.

[காலை 8:28] செல்வம் மாமா: சுண்ணாம்பு கையில ஒட்டற அளவுக்கு இருக்கே. டூயல் ஆக்‌ஷன்ல அதை வெட்ட ரெண்டு மடங்கு நேரம் ஆகும். ரோட்டரியில கம்பளி பேட் வச்சு வெட்டட்டும், நீங்க சொல்றதை மெருகுக்கு வச்சுக்கட்டும்.

[காலை 8:29] ரவி சித்தப்பா: நீலப் பட்டையை மட்டுமாவது டூயல் ஆக்‌ஷன்ல முடிக்கட்டும்.

[காலை 8:29] செல்வம் மாமா: அது சரி.

[காலை 8:40] கதிர்: எவ்வளவு சாமான் வேணும்?

[காலை 8:46] செல்வம் மாமா: ரெண்டு பக்கமும் பின்பலகையும் சேர்த்து 12 சதுர மீட்டர்னு வை. காம்பவுண்ட் ஒரு லிட்டர், ஃபைன் பாலிஷ் அரை லிட்டர், வாக்ஸ் கால் லிட்டர் இருந்தா ரெண்டு கோட்டுக்கும் வரும். கம்பளி பேட் 3, ஃபோம் பேட் 2. மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன், கஞ்சத்தனம் பண்ணாத. மாஸ்கிங் டேப் 3 சுருள்.

[காலை 8:48] தேவி அக்கா: டேப்பை ரப்பர் பீடிங், எழுத்து ஸ்டிக்கர், வாட்டர்லைனுக்குக் கீழ இருக்கற ஆன்டிஃபவுலிங் பெயின்ட் (பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அடிக்கறது) ஓரம் எல்லாத்துலயும் ஒட்டு. ஆன்டிஃபவுலிங் ஒரு சொட்டு பேட்ல ஏறினா போதும், வெள்ளை முழுக்கப் பூசிக்கிட்டு வரும். அதுக்கு மேல பாலிஷும் கூடாது, மெழுகும் கூடாது.

[காலை 9:05] செல்வம் மாமா: இனி முக்கியமான வேலை. பொறுமையா படி.

முதல்ல ஒரு அடிக்கு ஒரு அடி சோதனைக் கட்டம். மென்மையான பாலிஷ்ல தொடங்கு. வரலன்னா காம்பவுண்ட். ரெண்டு தடவை போட்டும் வரலன்னா மட்டும் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கற உப்புத்தாள்).

வழி தெரிஞ்சதும் ரெண்டடிக்கு ரெண்டடியா பிரிச்சுக்க. உன் படகுல முப்பது முப்பத்தஞ்சு கட்டம் வரும். பட்டாணி அளவுல நாலஞ்சு பொட்டு வை. மெஷினை ஓட்டாம பேடால ஒத்தி எடுத்துட்டு அப்புறம் சுவிட்ச் போடு, இல்லன்னா உன் சட்டைக்குத்தான் பாலிஷ். பாதிக்குப் பாதி மேல ஏறற மாதிரி கிடையா ஒரு முறை, நெட்டா ஒரு முறை. கையை எறும்பு ஊர்ற மாதிரி நகர்த்து. வேகமா வீசினா வெட்டாது, நிறுத்தினா எரியும்.

[காலை 9:08] செல்வம் மாமா: அடிக்கடி புறங்கையால தொட்டுப் பாரு. இளஞ்சூடு சரி. கை வைக்க முடியலன்னா நிறுத்து.

[காலை 9:12] ரவி சித்தப்பா: மூலையும் மடிப்பும்தான் ஆபத்து. அங்க ஜெல்கோட் மெலிசு, பேடோட அழுத்தம் முழுக்க அந்த ஒரு கோட்டுல விழும். பேட் ஓரத்தை விட்டு வெளியே சுத்தணும், ஓரத்துக்குள்ள சுத்தி ஏறக்கூடாது. வயரைத் தோள் மேல போட்டுக்க. ஈரத்தரையில நிக்கற, மின்கசிவு வந்தா துண்டிக்கற சுவிட்ச் வழியா இணைப்பு எடு.

[காலை 9:15] தேவி அக்கா: கம்பளி பேட்ல காம்பவுண்ட் காய்ஞ்சு ஊறுகாய் மாதிரி ஒட்டிக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடவை, பேட் சுத்தம் பண்ற பல்சக்கரத்தை வச்சு உதறிடு. முக்கால்வாசிப் பேர் "காம்பவுண்ட் சரியில்ல"ன்னு சொல்றது இந்த அடைச்ச பேடாலதான். உதறும்போது மாஸ்க், கண்ணாடி.

[காலை 10:30] கதிர்: சோதனைக் கட்டம் போட்டேன். வெள்ளை காம்பவுண்ட்லயே வந்துருச்சு! நீலத்துல ஒரு இடம் மட்டும் மந்தமா நிக்குது.

[காலை 10:34] செல்வம் மாமா: அந்த இடத்துக்கு மட்டும் 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், வரிசையா. கட்டையில சுத்தி, சோப்புத் தண்ணியோட. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாத்து. முந்தின கோடு போச்சான்னு அப்பதான் தெரியும். நடுவுல 1500ஐத் தாண்டிட்டா 1000 போட்ட கோடு காம்பவுண்ட்ல போகாது.

[காலை 10:37] தேவி அக்கா: நீலம் பொல்லாதது. வெள்ளையில மறையற தழும்பு எல்லாம் அதுல வெயில்ல மீன்செதில் மாதிரி மின்னும். காம்பவுண்டுக்கு அப்புறம் ஃபோம் பேட்ல ஃபைன் பாலிஷ் கட்டாயம். முடிச்சதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் பாதிப் பாதி கலந்து துடைச்சுட்டு, டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாரு. காம்பவுண்ட்ல இருக்கற எண்ணெய் கீறலை ரொப்பி நம்மை ஏமாத்தும்.

[காலை 10:52] கதிர்: காம்பவுண்ட் இப்ப சீக்கிரமே காய்ஞ்சு தூளாகுது.

[காலை 10:53] ரவி சித்தப்பா: வெயில் ஏறிடுச்சுல்ல. நிறுத்து. நிழல் வந்தப்புறம் பார்த்துக்கலாம்.

[மாலை 4:48] கதிர்: ஒரு பக்கம் முடிஞ்சது. (படம்)

[மாலை 4:50] தேவி அக்கா: 👏 ஸ்கேலை செங்குத்தா வச்சுப் பாரு, எத்தனையாவது சென்டிமீட்டர் வரை எண் பிம்பத்துல படிக்க முடியுது?

[மாலை 4:53] கதிர்: 20 வரைக்கும்.

[மாலை 4:58] செல்வம் மாமா: இனிமே மெழுகு. கார்னௌபா (பனை இலை மெழுகு) போட்டா ஆழமான மினுக்கு, ஆனா வெயில்ல சில மாசத்துல போயிடும். பாலிமர் சீலண்ட் (செயற்கைப் பூச்சு) கொஞ்சம் கூட நிக்கும். எதுவானாலும் மெல்லிசாப் பூசு. தடிமனா போட்டா கூடுதல் பாதுகாப்பு இல்ல, துடைக்கத்தான் உயிர் போகும். விரலால ஒரு கோடு இழு. கோடு சுத்தமா தெளிஞ்சா துடைக்கலாம், ஈஷினா இன்னும் காயணும். ரெண்டாவது கோட் டப்பா சொல்ற இடைவெளி விட்டு. முதல் கோட்ல விட்டுப்போன இடத்துக்குத்தான் அது.

[மாலை 5:01] கதிர்: தளத்துக்கும் போட்டுடவா?

[மாலை 5:01] ரவி சித்தப்பா: கால் வைக்கற இடத்துக்கு மெழுகு போட்டா நேரா தண்ணிக்குள்ளதான்.

[மாலை 5:06] கதிர்: தரைக்குப் பூசற அக்ரிலிக் பாலிஷை அஞ்சு கோட் போட்டா காம்பவுண்டே வேணாம்னு ஒரு வீடியோ பார்த்தேன். இன்னொரு பக்கத்துக்கு...

[மாலை 5:09] தேவி அக்கா: மின்னும்தான். பொடி அடியில அப்படியே கிடக்கும். பின்னாடி மஞ்சளாகித் தோல் உரியும், அப்ப ஸ்ட்ரிப்பர் (பூச்சைக் கரைக்கற திரவம்) ஊத்திச் சுரண்டணும். இன்னொரு பக்கத்தையும் மெஷின்லயே முடி.

[மாலை 5:15] செல்வம் மாமா: படகைத் தாங்கி நிக்கற முட்டுக்காலோட பேட் படகைத் தொடற இடத்துல பாலிஷ் பட்டிருக்காது. அதுக்காக நீயே முட்டைக் கழட்டி நகர்த்தாத. யார்டு ஆளைக் கூப்பிட்டு, பக்கத்துல இன்னொரு முட்டு கொடுத்த பிறகுதான்.

[மாலை 5:16] கதிர்: ஜாக்கி வச்சு நானே தூக்கலாம்னு இருந்தேன் மாமா 😬

[மாலை 5:16] செல்வம் மாமா: மெஷினைக் கீழ வை. நாளைக்கு வரேன்.