மஞ்சள் இலையைப் போனிடம் காட்டிய கதை

வரப்போரம் (பாபநாசம்):
போன சம்பாவில் நடந்தது. நடவு போட்டு 22 நாள் இருக்கும். ஒன்றரை ஏக்கரில் கீழ்ப்பக்கம் மட்டும் பயிர் மஞ்சளடித்து, அடி இலையில் துரு பிடித்த மாதிரி புள்ளி. ராத்திரி பத்து மணிக்கு யாரைப் போய்க் கேட்பது? மகள் தன் போனில் ஒரு ஆப் வைத்திருந்தாள். இலையைப் படம் எடுத்துக் கொடுத்தோம். மூச்சு விடுவதற்குள் பதில்: துங்ரோ, வைரஸ் நோய், பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிறது, இன்ன மருந்தை அடி. அதுவும் நல்ல தமிழில். நான் நம்பிவிட்டேன். காலையில் மருந்துக் கடைக்கு வண்டியை எடுக்கும்போது பக்கத்து வயல் சித்தப்பா நிறுத்தினார்.

அவர் இலையைத் தொடக்கூட இல்லை. வரப்பில் நின்று வயலைத்தான் பார்த்தார். “தண்ணி நிக்கிற பள்ளத்துல மட்டும்தானே மஞ்சள்? மேட்டுல பச்சையாத்தானே இருக்கு? ஜிங்க் போட்டியாடா?” போடவில்லை. டிஏபி உரம் மட்டும் தாராளமாகப் போட்டிருந்தேன். நோயே இல்லை, ஜிங்க் (துத்தநாகச் சத்து) குறைவு என்பது அவர் கணிப்பு.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. வேளாண் அலுவலரைக் கூப்பிட்டோம். விடியற்காலையில் வந்து இலை நுனியை விரல் நீளத்துக்குக் கிள்ளி, அயோடின் கரைசலில் கால் மணி நேரம் போட்டுவைத்தார். துங்ரோ என்றால் கருநீலக் கோடு விழுமாம். விழவில்லை. தண்ணீரை வடித்து, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து வீசினேன். பத்து நாள் கழித்து வந்த குருத்து பச்சை. வாங்காமல் விட்ட மருந்தின் காசை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஆப்பை அழிக்கவில்லை. அடுத்த பருவத்தில் குலை நோயைச் சரியாகச் சொன்னது. நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு, கண் வடிவப் புள்ளி. அப்படித் தன் முத்திரையை இலையிலேயே குத்திவிட்டுப் போகிற நோய் என்றால் போன் கெட்டிதான். மஞ்சள் என்றால் மட்டும் உளறுகிறது. மஞ்சளுக்கு ஆயிரம் காரணம்.

படிப்பு முடிக்காதவள்:
அண்ணா, நீங்கள் சொல்வது எங்கள் கல்லூரி புராஜெக்டிலும் நடந்தது. இலைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் மாடலைப் பழக்கினோம். நல்ல இலைகளை மொட்டை மாடியில் வைத்துப் படம் எடுத்தோம், நோய் இலைகளை வயலில் எடுத்தோம். மாடல் பிரமாதமாகத் தேறியது. அப்புறம்தான் தெரிந்தது, அது இலையைப் படிக்கவே இல்லை, சிமெண்ட் தரையைப் படித்திருக்கிறது!

பெரிய ஆட்களுக்கும் இதே கதிதான். 2016-இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வில் 54,306 இலைப் படங்களை வைத்துப் பழக்கினார்கள். அதே தொகுப்பிலிருந்து எடுத்து வைத்த படங்களில் 99.35 சதவீதம் சரி. வெளியே வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் 31 சதவீதத்துக்குச் சரிந்தது. அந்தத் தொகுப்பில் தக்காளி, உருளைக்கிழங்கு, ஆப்பிள் எல்லாம் உண்டு, நெல் கிடையாது. பள்ளம், மேடு, போன வாரம் போட்ட உரம் இதெல்லாம் படத்தில் எங்கே தெரியும்? கேட்டால்தானே தெரியும். உங்கள் சித்தப்பா கேட்டார்.

தென்னை ஓலை (பொள்ளாச்சி):
எங்கள் தோப்பில் ஓலை கரி பூசியது மாதிரி ஆனபோது இன்னொரு ஆப்பிடம் கேட்டோம். பூஞ்சணம் என்று பூஞ்சணக்கொல்லி சொன்னது. பூஞ்சணம் என்பது பொய்யில்லை. ஆனால் அது வந்ததே மேல் ஓலையின் அடியில் இருக்கும் சுருள் வெள்ளை ஈ ஒழுகவிடும் தேன் போன்ற கழிவால். 2016-இல் எங்கள் பக்கம் வந்த பூச்சி, இன்னும் போகவில்லை. மருந்தடித்தால் அந்த ஈயைத் தின்னும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும். மைதா கஞ்சியைத் தெளித்தோம், காய்ந்து கரியோடு உரிந்து விழுந்தது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம். அவ்வளவுதான்.

ஒன்றுக்கு மட்டும் போனைத் தினமும் கும்பிடுகிறேன். மருந்து டப்பாவின் பொடி எழுத்து ஆங்கிலத்தைப் படம் எடுத்தால் தமிழில் வாசித்துக் காட்டுகிறது. அதிலும் ஒரு தடவை, எக்டர் அளவை நான் ஏக்கர் என்று காதில் வாங்கி, இரண்டரை மடங்கு கலக்கப் பார்த்தேன். அது என் காது செய்த தப்பு.

வரப்போரம்:
தங்கச்சி, அந்தச் சிமெண்ட் தரைக் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அயோடின் சோதனை பற்றித் தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடின், 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு. இலையைக் காலை ஆறு மணிக்குள் கிள்ளிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நல்ல இலையிலும் மாவுச்சத்து சேர்ந்து நீலம் காட்டும், ஏமாந்துபோவீர்கள்.