கல்லடி மேல்மாடி அறைக்கு இன்வெர்ட்டர் ஏசியா, சாதாரண ஏசியா? உதவி தேவை

கேள்வி (கல்லடி):
வணக்கம். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து எங்கட மேல் அறையில் இரவு 11 மணிக்கும் படுக்க முடியவில்லை, கொங்கிரீட் கூரை பிளேட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில்தான் கீழே விடுகிறது. அம்மாவுக்குப் பிரஷர், நித்திரையே இல்லை. கத்தாரில் இருக்கும் அண்ணன் 9000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி வாங்கக் காசு அனுப்புகிறார். இன்வெர்ட்டர் விலை கூட என்பதால் சாதாரணத்தையே எடு என்கிறார். ஆனால் ஏசிக்குத்தான் அவர் காசு, மாதா மாதம் கரண்ட் பில் என் சம்பளத்தில். இப்பவே 3 ஃபேனோடு 130 யூனிட் போகிறது. கூடக் கொடுத்து எடுத்தால் சரிவருமா?

பதில் (கல்முனை, ஏசி பூட்டும் வேலை):
தங்கச்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடுவீர்கள்? சாதாரண ஏசியின் கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடும், குளிர்ந்ததும் நிற்கும், திரும்ப முழு வேகத்தில் எழும்பும். இன்வெர்ட்டர் அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்து ஓடிக்கொண்டிருக்கும், மிச்சம் அங்கேதான். படுக்கும்போது ஒரு மணி நேரம் மட்டும் போடும் வீட்டுக்கு அந்தக் கூடுதல் காசு லேசில் திரும்பாது. விடிய விடிய என்றால் யோசிக்காமல் இன்வெர்ட்டர். கடல் பக்கம் என்பதால் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளுக்குப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், உப்புக்காற்று அதை அரித்தால் எந்த ஏசியும் கரண்டைக் கூட இழுக்கும்.

கேள்வி கேட்டவர்:
இரவு 10 முதல் விடிய 5 வரைக்கும் போடுவோம் அண்ணா.

பதில் (காத்தான்குடி):
அப்படியென்றால் பில்லைப் பாருங்கள். நீங்கள் 130ல் நிற்கிறீர்கள், ஏசி வந்தால் 180ஐத் தாண்டும். தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஆக உயர்ந்த விலை, நிலையான கட்டணமும் ஏறும். இன்வெர்ட்டர் மிச்சம் பிடிப்பது அந்த விலை கூடின யூனிட்டுகளைத்தான், அதனால் சராசரி விலையில் போடும் கணக்கு பிழைத்துப்போகும். உங்கள் அண்ணனுக்குத் தெரிவது கடை விலை மட்டும், பில்லைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஏசிக்கு முன்னால் ஃபேனையும் மாற்றுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் அளவில் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவுதான். 3 ஃபேன் இரவு 10 மணி நேரம் ஓடினால் மாதம் 67 யூனிட் போவது 27க்கு வந்துவிடும். பிளேட்டின் மேல் வெள்ளைப் பூச்சும் அடியுங்கள், வெயில் திரும்பிப் போனால் ஏசிக்கு வேலை குறையும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி நானா, பில்லையும் இந்தக் கணக்கையும் அப்படியே அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். ஏசி ஓடும்போது ஃபேனும் போடலாமா?

பதில் (கல்முனை):
கட்டாயம் போடுங்கள். மெதுவாகச் சுற்றினால் 26, 27 டிகிரியிலேயே அம்மாவுக்குப் போதும். பில்டரை மாதம் ஒருக்கா கழுவுங்கள். பூட்ட வருகிறவர் குழாயில் வெக்கியூம் எடுக்கிறாரா (உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் போட்டு உறிஞ்சி எடுப்பது) என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அவசரத்தில் சிலர் அதை விட்டுவிடுகிறார்கள்.